பூட்டிய பணமும் கதவில்லாத ரயில் நிலையமும்

வாசகர் கேள்வி: "என் மகள் கோவையில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை ஜெர்மனியின் ஆகென் நகரில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் நடுவில் கிளம்புகிறாள். பணத்தை எப்படிக் கொண்டுபோவது, அங்கே வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது, ரயில், பஸ் எல்லாம் தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று கவலையாக இருக்கிறது. அவள் கல்லூரியில் படித்து இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு பையன், 'ஊரில் என் அப்பா கணக்கில் ரூபாயைப் போட்டுவிடுங்கள் ஆன்ட்டி, நான் இங்கே தங்கச்சி கையில் யூரோவாகக் கொடுத்துவிடுகிறேன், கமிஷன் மிச்சம்' என்கிறான். நல்ல குடும்பத்துப் பிள்ளைதான். அப்படிச் செய்யலாமா?"
பொள்ளாச்சியிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து வேண்டாம். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு வழிகாட்டிவரும் எனக்கு, இந்த ஒரு யோசனையை முளையிலேயே தடுப்பதுதான் மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. இங்கே ரூபாயைக் கொடுத்து அங்கே யூரோவைப் பெறுவது, கொடுப்பவரும் வாங்குபவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அனுமதி பெற்றவர் வழியாக நடக்காத பரிமாற்றமே ஆகும். நாம் வழக்கில் ஹவாலா என்று சொல்வதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டான். மாணவர்களிடையே இது சாதாரணமாக நடப்பதால் தவறென்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நடைமுறையில் இது உங்கள் மகளுக்குப் பாதகமானது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவரின் ஜெர்மன் கணக்கில், இதே முறையில், மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து இரண்டு வாரத்துக்குள் பணம் வந்து சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று வங்கி எழுத்தில் கேட்டது. காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாளும் இல்லை. கணக்கு முடக்கப்பட்டது. வாடகை நாளும் கடந்துபோய், ஏறக்குறைய ஒரு மாதம் அறை நண்பரின் தயவில் சாப்பிட்டார். மிச்சமான கமிஷன் சில ஆயிரம் ரூபாய்தான்.

இனி நேர்வழி. மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க விசா கேட்கும் மாணவர், தன் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். உதவித்தொகை இல்லாதவர்களுக்கு அதற்கான வழக்கமான வழி 'ஷ்பெர்கோன்டோ' எனப்படும், மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே வெளியே வரும் பூட்டிய கணக்கு. 2024 செப்டம்பர் முதல் இதற்கான அளவு மாதத்துக்கு 992 யூரோ, ஓராண்டுக்கு 11,904 யூரோ. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குபவர் தங்கும் மாதங்களுக்கு ஏற்பச் செலுத்தினால் போதும் என்பதால், உங்கள் மகளுக்கு ஆறு மாதம் என்றால் 5,952 யூரோவும் ஏழு மாதம் என்றால் 6,944 யூரோவும் தேவைப்படும். செப்டம்பர் நடுவிலேயே கிளம்புவதால் எத்தனை மாதமாகக் கணக்கிடுகிறார்கள் என்பதைத் துணைத் தூதரகத்தின் விசாப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு அவ்வப்போது உயர்த்தப்படுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள்.

இந்தப் பணத்தை உங்கள் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி, உங்கள் பான் எண்ணில், வெளிநாட்டுக் கல்விக்குரிய எஸ்0305 என்ற நோக்கக் குறியீட்டில் அனுப்புங்கள். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்புவதற்கு டிசிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வரிப் பிடித்தம் கிடையாது. நீங்கள் இந்த ஆண்டு வேறு எதற்கும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவில்லை என்றால் ஏழு மாதத் தொகையும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். படிவத்தில் இன்னும் ஒரு சிறிய கட்டம் உண்டு: இடையில் உள்ள வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்பது. அனுப்புபவரே முழுவதும் ஏற்பதாகக் குறியுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் 6,944 அனுப்பிய இடத்தில் 6,920 போய்ச் சேரும். தொகை குறைகிறது என்று, விசாவுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழைப் பூட்டிய கணக்கை நடத்துபவர்கள் தர மறுப்பார்கள், அந்த 24 யூரோவை அனுப்ப மறுபடியும் வங்கி வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் விசா நேர்காணல் நாள் வந்துவிடும். நூறு யூரோ கூடுதலாகவே அனுப்பிவிடுங்கள்.

இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏழு லட்சம் ரூபாய்க்குப் பக்கம் அனுப்பியாகிவிட்டது, பிள்ளை அங்கே இறங்கியதும் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துவிடுகிறார்கள். பூட்டிய கணக்கிலிருந்து அவளால் ஏடிஎம்மில் ஒரு யூரோகூட எடுக்க முடியாது. ஜெர்மனியில் அவள் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்கி, அதன் ஐபான் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகுதான் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் பணம் அந்தக் கணக்குக்கு வரும். நடப்புக் கணக்கு தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரியைப் பதிய வீட்டு உரிமையாளரோ விடுதியோ கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், செப்டம்பர், அக்டோபரில் மாணவர் கூட்டம் அதிகம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தச் சங்கிலி முடிய மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் அறை முன்பணம், முதல் மாத வாடகை, பல்கலைக்கழகத்தின் பருவக் கட்டணம், மாதம் 140 யூரோவுக்கு மேல் வரும் மருத்துவக் காப்பீடு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆகவே பூட்டிய பணத்தைக் கணக்கில் சேர்க்காமல், குறைந்தது 1,500 யூரோவாவது அவள் கையாளக்கூடிய பணமாக இருக்கட்டும். விடுதி முன்பணத்தை இங்கிருந்தே கட்டச் சொல்லியிருந்தால் இந்தத் தொகை சற்றுக் குறையலாம்.

இந்த 1,500 யூரோவில் 300 அளவுக்கு நோட்டாகக் கொடுங்கள், பெரும்பகுதி ஐம்பதுக்கும் கீழான நோட்டுகளாக இருக்கட்டும். மீதியை யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். சட்டம் 3,000 அமெரிக்க டாலருக்கு இணையான நோட்டுகளை எடுத்துச் செல்ல அனுமதிக்கிறது, ஆனால் முதன்முறை தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் அவ்வளவு ரொக்கம் இருக்க வேண்டியதில்லை. அவளுடைய இந்திய வங்கியின் டெபிட் கார்டும் துணைக்கு இருக்கட்டும். 2020 முதல் நம் கார்டுகள் உள்நாட்டில் மட்டும் செயல்படும்படிதான் வழங்கப்படுகின்றன என்பதால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் அவளே இயக்கி, அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிளம்புமுன் இதைச் செய்யாமல் போய், பிராங்க்பர்ட் விமான நிலையத்தின் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நின்ற மாணவர்கள் உண்டு.

ஏடிஎம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கார்டைச் செருகி 200 யூரோ கேட்டதும், சில இயந்திரங்கள் "இத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் கழியும், சம்மதமா?" என்று ரூபாயிலேயே தொகையைக் காட்டும். தெரிந்த பணத்தில் காட்டுகிறதே என்று மனம் உடனே சம்மதித்துவிடும். அந்த விகிதம் அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர் போடுவது, வங்கி விகிதத்தைவிட நமக்குக் கணிசமாக நட்டம் தருவது. பச்சைப் பொத்தானில் சம்மதமும் சிவப்பில் மறுப்பும் இருப்பதால், மறுத்தால் பணமே வராது என்று பயந்துவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும், யூரோவில் கழியும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வந்தால் யூரோவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சுற்றுலாத் தலங்களிலும் கடைவீதிகளிலும் தனியே நிற்கும் ஏடிஎம்களைவிட, ஒரு வங்கிக் கிளையின் உள்ளே இருப்பதில் எடுப்பது நல்லது.

அவளுடைய இந்திய சிம் கார்டை எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம். நெட் பேங்கிங் ஓடிபி அனைத்தும் அந்த எண்ணுக்கே வரும். இரண்டு சிம் போடும் போனில் இந்திய சிம்மை அப்படியே வைத்து, குறுஞ்செய்தி பெறும் அளவுக்கு ரோமிங் வசதியை இங்கேயே இயக்கி, செல்லுபடிக்கான ரீசார்ஜை மாதாமாதம் நீங்களே இங்கிருந்து செய்துவிடுங்கள்.

அங்கே சென்ற பிறகு முதல் வேலை முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். இதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு காரியம் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. நம் ஊரில் தபால்காரர் வீட்டையும் ஆளையும் அறிவார், கதவு எண் இருந்தால் போதும். ஜெர்மனியில் பல குடியிருப்புகளில் அறை எண்ணே முகவரியில் இருக்காது. வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார்கள். பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் வேறொரு நாளில் இன்னொரு உறையிலும் வரும் நாட்டில், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டாததால் ஒரு மாதம் போய்விடக்கூடும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில், அப்பா பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தால் அதையும் சேர்த்து, அறைச் சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிடச் சொல்லுங்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல், ஏனெனில் அவர்களைத் தேடி வரும் கடிதம் பெரும்பாலும் அப்பாவின் பெயரில்தான் வரும்.

வங்கியைத் தேர்வதில் மிகவும் யோசிக்க வேண்டாம். நகரச் சேமிப்பு வங்கியான ஷ்பார்காஸே போன்றவற்றில் கிளைக்குச் சென்று நேரில் பேசலாம், மாதக் கட்டணம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கப்படும் அல்லது குறைவாக இருக்கும். இணைய வங்கிகள் விரைவானவை, ஆனால் சிலவற்றின் வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பு இந்தியப் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை. அப்போது தபால் நிலையத்தில் நேரில் சரிபார்க்கும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கும் கதவு அடைபட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவரும் அடிப்படைக் கணக்கு கோரலாம் என்று 2016இலிருந்து ஜெர்மன் சட்டம் இருக்கிறது. 'பாசிஸ்கோன்டோ' என்று பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

கணக்கு வந்த பின் இரண்டு பழக்கங்கள் புதிதாக இருக்கும். ஒன்று, எண்களை எழுதும் முறை. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 1.250,50 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட் என்று பொருள். இரண்டு, 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்' என்ற நேரடிப் பற்று முறை. காப்பீட்டு நிறுவனம், போன் நிறுவனம் என்று எல்லோரும் ஐபான் எண்ணை வாங்கிக்கொண்டு மாதாமாதம் தாங்களே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் கட்டணம் விழும் என்பதால் எந்தத் தேதியில் எது கழியும் என்று அவள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். தவறாக எடுக்கப்பட்ட தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் கூறாமலே வங்கியிடம் திரும்பப் பெறலாம், அதனால் பயப்பட வேண்டாம். ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் உண்டு. மோசடிக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போடாமல், பகிர்ந்து வாழும் வீடாக இருந்தால் வேறொருவர் ஏற்கெனவே கட்டுகிறாரா என்று கேட்டு அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்டு, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவருக்கு ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம். உடனடிப் பரிமாற்றத்தில் பணம் பத்து நொடியில் போய்விடும், திரும்ப வராது. 2025 அக்டோபர் முதல் யூரோ நாட்டு வங்கிகள் பெறுபவர் பெயரும் ஐபான் எண்ணும் பொருந்துகின்றனவா என்று அனுப்புமுன் காட்ட வேண்டும். பொருந்தவில்லை என்று திரை சொன்னால் அங்கேயே நின்றுவிடட்டும். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்து வேறு கணக்குக்கு மாற்றிவிடு, உனக்கு நூறு யூரோ" என்று பகுதிநேர வேலை போல வருவது கருப்புப் பணத்தை வெளுக்கும் வேலை. அதில் சிக்கிய மாணவருக்கு வழக்கு வரும், விசாவும் ஆட்டம் காணும். இதை அவளிடம் நீங்களே ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

போக்குவரத்துக்கு வருகிறேன். சென்னை மெட்ரோவில் டிக்கெட் இல்லாமல் கதவு திறக்காது, நம் பஸ்ஸில் கண்டக்டர் தேடி வருவார். ஜெர்மன் ரயில் நிலையங்களில் பொதுவாகக் கதவும் இல்லை, கேட்பாரும் இல்லை. படியிறங்கினால் நேராக நடைமேடைதான். வாங்குபவரின் பொறுப்பிலேயே எல்லாம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் சாதாரண உடையில் இருக்கும் பரிசோதகர் ரயில் நகர்ந்த பிறகு எழுந்து நின்று டிக்கெட்டைக் கேட்பார். இல்லையென்றால் 60 யூரோ. தெரியாது, புதிதாக வந்தேன் என்பது செல்லுபடியாகாது. தெரிந்தே டிக்கெட் இன்றிப் பயணம் செய்வது அந்நாட்டில் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் வரும். சில நகரங்களில் காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, நடைமேடையிலோ பஸ்ஸின் உள்ளேயோ இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டும் சீட்டில்லாததும் அங்கே ஒன்றுதான்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்துடனேயே நாடு முழுவதற்குமான மாணவர் டிக்கெட் சேர்ந்திருக்கும். பரிமாற்ற மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லாவிட்டாலும் இந்தப் பருவக் கட்டணம் பொதுவாக உண்டு. பொதுமக்களுக்கான நாடு தழுவிய மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாகியிருக்கிறது. மாணவர் டிக்கெட்டுக்கு அதில் 60 சதவீதம்தான். பஸ், டிராம், சுரங்க ரயில், ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்கும் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் இது செல்லும். ஐசிஇ, ஐசி, இசி என்ற எழுத்துகள் தெரியும் விரைவு ரயிலில் செல்லாது. உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது, அவள் செப்டம்பர் நடுவில் போகிறாள். அந்த இரண்டு வாரத்துக்கு மாணவர் டிக்கெட் அவளிடம் இருக்காது. பொது டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதக் கணக்கில் ஓடும் சந்தா. அதை நிறுத்த அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும், நடுமாதத்தில் வாங்கினால் அந்தத் தேதி கடந்துபோயிருக்கும். எனவே அந்த நாட்களுக்கு உள்ளூர் வாரச் சீட்டோ நாள் சீட்டோ வாங்கிக்கொள்வதே சரி.

டிக்கெட் போனில்தான் இருக்கும். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் டிக்கெட் இல்லை என்றே எழுதுவார்கள். பெயர் பொறித்த டிக்கெட் அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது என்று ஒரு வாரத்துக்குள் காட்டினால் 60 யூரோ 7 யூரோவாகக் குறையும், ஆகவே பரிசோதகர் எழுதித் தரும் தாளைத் தொலைக்கக் கூடாது. டிக்கெட்டுடன் புகைப்பட அடையாளமும் கேட்பார்கள்.

இறங்கும் நாளுக்கு இன்னும் சில விவரங்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன, ஒன்று வட்டார ரயில்களுக்கு, மற்றொன்று தொலைதூர ரயில்களுக்கு. அங்கிருந்து கொலோன் வழியாக ஆகென் செல்ல ஐசிஇ ரயிலில் வழக்கமாக இரண்டரை மணி நேரத்துக்குள் ஆகும். கொலோனில் மாறும்போது கவனம் தேவை: சில ஐசிஇ ரயில்கள் தேவாலயத்தை ஒட்டிய மத்திய நிலையத்துக்கு வராமல், ரைன் ஆற்றின் மறுகரையில் உள்ள டாய்ட்ஸ் நிலையத்தில் நின்றுவிடும். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து இறங்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று அந்த நாளுக்குக் குறிப்பிட்ட ரயிலோடு கட்டிய சலுகைச் சீட்டை வாங்கிவிடாதீர்கள். விமானம் தாமதமானால் அது வீணாகிவிடும். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய முழு விலைச் சீட்டே அன்றைக்கு நல்லது. முடிந்தால் ஞாயிறன்று இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று கடைகளும் அலுவலகங்களும் விடுதி மேலாளர் அறையும் மூடியிருக்கும்.

அங்கே சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். பெட்டியின் பக்கத்தில் ஒளிரும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏற வேண்டும், சரியான ரயில் என்பது மட்டும் போதாது. நேரம் கேட்கும்போதும் கவனம் வேண்டும். ஜெர்மன் பேச்சில் 'அரை ஒன்பது' என்றால் நமக்கு எட்டரை. பதிவு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்ற பிள்ளைகளை நான் அறிவேன். ஆகென் நகரம் நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டின் எல்லையிலும் இருப்பதால், வார இறுதியில் எல்லை தாண்டுவது எளிது. டிக்கெட் எந்த நிறுத்தம் வரை செல்லும் என்று பார்த்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

மார்ச் மாதம் திரும்பும்போது, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து முகவரிப் பதிவை நீக்கலாம். அந்தச் சான்றின் நகலை ஒளிபரப்புக் கட்டண அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்கும் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு வந்த பிறகும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ரயில் சலுகை அட்டை வாங்கியிருந்தால் அது தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதால் முன்கூட்டியே ரத்து செய்ய வேண்டும். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். அறை முன்பணம் அவள் பொள்ளாச்சி வந்து சேர்ந்து சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள் கழித்தே திரும்பும், அது அந்த ஐபான் எண்ணுக்குத்தான் வரும். அது வந்து, இங்கே உங்கள் வங்கிக்கு மாற்றிய பிறகு இணையத்திலேயே மூடிக்கொள்ளலாம்.